கலைக்களஞ்சியமும் நம் கடமையும்

ஒரு மொழியின் வளம் அதன்கண் உள்ள காவியங்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. ஐயம் எழுந்தவிடத்து ஒருவன் திறந்து பார்த்துத் தெளிவதற்குரிய நூல்கள் எத்துணை உள என்பதனாலும் அஃது அளக்கப்படும். இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவரல்லர். யாழ்ப்பாணத்து மானிப்பாய் முத்துத்தம்பிப் பிள்ளை 1902-இல் ‘அபிதான கோச’த்தை வெளியிட்டார். சிங்காரவேலு முதலியார் நெடுங்காலம் தனியொருவராய் உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக அச்சேறிற்று. பின்னர்ப் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராய் அமைய, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை ‘கலைக்களஞ்சிய’த்தைப் பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்தது. இந்நூற்றாண்டிலோ, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. முன்னையவற்றை எழுதினோர் புலவரும் துறைவல்லாரும் ஆவர். பின்னதனை எழுதற்கு உரிமை பெற்றோர் எழுத்தறிந்த யாவருமாவர். உரிமை யாவர்க்கும் உண்டெனின், கடமையும் யாவர்க்கும் உண்டன்றோ?

நிற்க. நம் மாணவருட் சிலர் அக்களஞ்சியத்தில் எழுதப் பழகியுள்ளனர். அவர்கள் முதற்கண் எடுத்துக்கொண்ட பொருள் பழைய கணினி விளையாட்டொன்று. இதனைக் கேள்வியுற்ற பெரியோர் சிலர், ‘அறிவியலும் வரலாறும் எழுதுவாரின்றிக் கிடக்க, விளையாட்டுக்கு ஒரு கட்டுரை வேண்டுமோ?’ என்று கடிந்தனர். வேறு சிலர், ‘இளைஞர் தாம் விரும்பியதை எழுதட்டும், அதற்குமேல் அவர்களிடம் எதிர்பார்த்தல் வேண்டா’ என்றனர். இவ்விரு கூற்றுக்களும் முழுதும் பொருந்தா என்பது நம் கருத்து. விளையாட்டைப் பற்றிய கட்டுரை இழிந்ததன்று. அது நல்லதொரு பயிற்சிக்கூடம். ஆயின் பயின்ற கை பயிற்சிக்கூடத்திலேயே நின்றுவிடல் முறையன்று. அக்கை ஆற்றவேண்டிய பணி நம் வாயிலிலேயே காத்துக்கிடக்கின்றது.

அவ்விளையாட்டு யாதெனின், 1985-இல் அமெரிக்க நாட்டில் ரிச்சர்டு கேரியட் என்பார் ஆக்கி, ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’ என்பது. ஆடுவோன் கதைமாந்தன் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொண்டு, அவன் செய்வன எல்லாம் தானே துணிந்து செய்யும் வகையைச் சார்ந்தது. இவ்வகை விளையாட்டுக்களிற் பெரும்பாலனவற்றின் முடிவு ஒரு கொடியவனைக் கொல்வது. இதிலோ கொல்லப்படவேண்டிய தலைமைப் பகைவன் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எண்குணங்களிலும் நிறைவெய்துதலே ஆடுவோன் குறிக்கோள். கண்ணில்லாத வணிகரிடம் மருந்துச்சரக்கு வாங்குங்கால் உரிய விலையிற் குறைத்துக் கொடுப்பின், தடுப்பார் ஒருவருமிலர். ஆயினும் விளையாட்டு அதனை மறைவிற் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். இரப்போர்க்கு ஈந்தால் அதனையும் குறித்துக்கொள்ளும். 40 ஆண்டுகளுக்கு முன், மிகச் சிறிய நினைவகமுடைய கணினியில் இத்துணையும் அமைத்தது பேசத்தக்க செய்தியே. ஆகலின் அதற்கொரு கட்டுரை உண்டாதல் தக்கதே.

இதனைத் தமிழில் எழுதப் புகுந்தோர்க்கு முதலில் எதிர்ப்பட்ட இடர் பெயரிடல். இவ்வகை விளையாட்டினை என்னென்று வழங்குவது? ‘வேடமேற்கும் விளையாட்டு’ என்றார் ஒருவர். ‘பாத்திரமேற்கும் விளையாட்டு’ என்றார் மற்றொருவர். வேடம் என்பது உடையையும் முகப்பூச்சையும் மட்டும் உணர்த்துமோ, கூத்தில் வேடங்கட்டியவன் அம்மாந்தனாகவே நின்று பேசுதலையும் உணர்த்துமோ என்று நெடிது வாதித்தனர். தலைப்பிலுள்ள ‘அவதார்’ என்னும் சொல்லோ வேறொரு பாடம் கற்பித்தது. நம் நாட்டு ‘அவதாரம்’ கடல்கடந்து சென்று, ஆங்கில உருவோடு திரும்பி வந்தபோது, அயலார் சொல்லென்றெண்ணி ஒலிபெயர்த்து எழுதுவாரும் உளர். தலைப்பிற் பெயராக நிற்குமிடத்து அவ்வாறே எழுதுக. பொருளை விளக்குமிடத்து அவதாரம் என்றே எழுதுக என்று முடிவு செய்தனர். ஒரு சொல்லுக்காக இத்துணை ஆராய்ந்த இளைஞர் தமிழைப் புறக்கணித்தவராவரோ?

இனி, அக்களஞ்சியத்தின் விதிகளைக் காண்போம். அவற்றுள் தலையாயவை மூன்று. எழுதுவது எதுவாயினும் நம்பத்தக்க அச்சுச்சான்றோ அதற்கொப்பான பிறசான்றோ காட்டுதல் ஒன்று. எழுதுவோன் தன் சொந்த ஆய்வையும் துணிபையும் புகுத்தாமை ஒன்று. கருத்து வேறுபட்டவிடத்து எத்தரப்பையும் சாராமை ஒன்று. ‘இதுவே உலகிற் சிறந்த விளையாட்டு’ என்று ஒரு மாணவன் எழுதினான் என்க. அத்தொடர் நில்லாது. ‘இன்ன ஆண்டில் இன்ன இதழ் இவ்வாறு மதிப்பிட்டது’ என்றெழுதினால் நிற்கும். ‘அறநெறியைப் பொருளாகக் கொண்ட முதல் விளையாட்டு இதுவே’ என்றால், அவ்வாறு கூறியவர் யாவர் என்ற வினா உடனே எழும். ஒவ்வொரு திருத்தமும் செய்தவர் பெயரோடும் நேரத்தோடும் பக்கத்தின் வரலாற்றிற் பதிவாகும். மாறுபட்டோர் உரையாடற் பக்கத்தில் வழக்காடலாம். புகழ்ச்சியைக் களைந்து செய்தியை நிறுத்தும் இப்பயிற்சியைக் கல்லூரி வகுப்பறைகளிலும் நாம் எளிதில் அளித்தோமல்லோம்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்விளையாட்டு வெளிவந்த அதே 1985-ஆம் ஆண்டில்தான் நம் மாவட்டம் இராமநாதபுரத்தினின்றும் பிரிந்து, காமராசர் பெயர் தாங்கித் தோன்றியது; 1997-இல் விருதுநகர் மாவட்டம் என்னும் பெயர் பெற்றது. விளையாட்டின் வெளியீட்டு நாளையும், அதனோடு பெட்டியில் வைத்தளித்த துணிப் படத்தையும் சான்றுடன் உரைக்கவல்ல மாணவரை, தம் மாவட்டத்தின் இவ்விரு ஆண்டுகளையும் வினவுமின். எத்தனைபேர் விடையிறுப்பர்? குற்றம் அவருடையதன்று. விளையாட்டைப் பற்றி ஆராய்ந்து எழுதினோர் பலர்; எழுதியவற்றை அச்சிட்டோர் பலர்; அச்சிட்டவற்றைத் தொகுத்தோர் பலர். சிவகாசியின் பெயரோ செய்தித்தாள்களில் பெரிதும் அடிபடும் பொழுதுகள் இரண்டே: ஒன்று தீபாவளிக்கு முந்திய வாரம், மற்றொன்று வெடிவிபத்துக்கு மறுநாள்.

சிவகாசி பற்றி ஒரு நேரிய கட்டுரை எழுதப் புகின், மேற்கூறிய விதிகள் எவ்வாறு பயன்படும் என்பதைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, மீண்டுவந்து 1923-இல் இங்கு அத்தொழிலைத் தொடங்கினர் என்பது வரலாறு. இதற்குச் சான்று காட்டல் எளிது. ‘குட்டி ஜப்பான்’ என்று நம் நகருக்கு நேரு பெயரிட்டார் என்பது யாவரும் எழுதும் செய்தி. எந்நாளில், எவ்வுரையில் என்று உடன் எழுதுவாரை மட்டும் காணல் அரிது. பெருமையான செய்திக்கும் சான்று கேட்பதே நேர்மை. பழித்துரைக்குஞ் செய்திக்கு மட்டும் சான்று கேட்டல் நேர்மையாகாது.

பழித்துரைக்குஞ் செய்திகளும் உள. தீப்பெட்டித் தொழிலிற் சிறுவரை ஈடுபடுத்தியது பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறுவர்க்கும் 20,000 ரூபாய் முதலாளியிடமிருந்து பெற்று, நல்வாழ்வு நிதியிற் சேர்க்கப் பணித்தது. இதனை நம் ஊர்க் கட்டுரையில் மறைத்தல் தகாது. அவ்வாறே, 2018 அக்டோபர் 23-ஆம் நாள் அந்நீதிமன்றம் பட்டாசை முற்றும் தடைசெய்ய மறுத்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கு இடந்தந்தது. சரவெடியையும் பேரியம் உப்புக்களையும் விலக்கியது. தலைநகரில் மூச்சு முட்டுவோர்க்கு அது போதாத ஆணை. சரம் பின்னிப் பிழைத்த கைகளுக்கு அது வேலையிழப்பு. இருதிறத்தார் உரையையும் உரிய சான்றோடு அருகருகே நிறுத்துதலே களஞ்சியத்தின் நடுநிலை. ஒருதிறத்தை நீக்கி மற்றொன்றை எழுதுதல் துண்டறிக்கையின் தொழில்.

விபத்துக்களைப் பற்றி எழுதுங்கால் இன்னும் பொறுப்பு வேண்டும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துக்களை நம் மாவட்டத்தார் மறவார். இத்தகைய நாள்களில் மாலைச் செய்தி கூறுந் தொகை ஒன்று. மறுநாட் காலைச் செய்தி கூறுந் தொகை வேறொன்று. மருத்துவமனையில் உயிர் நீத்தாரையும் கூட்டிய தொகை பின்னும் வேறாகும். முதல்நாள் எண்ணையே களஞ்சியத்தில் விட்டுவைத்தால், பிற்பட இறந்தோர் இறவாதார் போலாகின்றனர். அவ்வெண்ணைத் தேடித் திருத்தி, நாளும் சான்றும் குறித்தல் ஓர் எழுத்துப்பணி மட்டுமன்று. மாண்டார்க்குச் செய்யுங் கடனுமாகும். ஒரு விளையாட்டின் விற்பனைத் தொகை இரு நூல்களில் மாறுபட்டால் எது சரியென்று இராமுழுதும் தேடும் மாணவன், இவ்வெண்ணையும் தேடற்குத் தகுதியுடையவனே.

தொழிற்சொற்களையும் எண்ணிப் பார்ப்போம். திரி, சரம், புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு என்பன கடைவீதியில் யாவரும் அறிந்தவை. ஆலைக்குள் வழங்குஞ் சொற்களோ வேறு. ‘மணி மருந்து’ என்ற சொல்லை விபத்துச் செய்திகளில் அடிக்கடி காண்கின்றோம். வாணவெடி வானில் விரிந்து வண்ணம் காட்டுதற்குக் காரணமான மருந்துருண்டைகள் அவை. அவற்றில் என்னென்ன சேர்கின்றன, உராய்வும் வெயிலும் ஈரமும் ஏன் அவற்றுக்கு ஆகா, மருந்து கலக்கும் அறை ஏன் பிறவறைகளினின்றும் விலகி நிற்றல் வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் விளக்கும் ஒரு கட்டுரை, வேலைக்குச் செல்லும் ஒருவர் கையிலுள்ள அலைபேசியிற் கிட்டுமாயின், அதன் பயன் பரீட்சைக்குப் படிக்கும் பாடத்தின் பயனிற் குறைந்ததோ?

மற்றுமொன்று. நம் மாணவருட் பலர் இத்தொழிலால் உண்டு உடுத்துப் படிக்கும் குடும்பத்தார். ஆலை நடத்துவோர் மக்களும் உளர். ஆலையில் வேலை செய்வோர் மக்களும் உளர். தனக்கு ஊதியம் தரும் நிறுவனத்தையோ தன் வீட்டுத் தொழிலையோ பற்றித் தானே எழுதுவோன் தன் சார்பினை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்பது களஞ்சிய மரபு. அதனைக் கட்டாயம் பின்பற்றுக. அத்தகையோர் கட்டுரையைத் தாமே திருத்தாமல், உரையாடற் பக்கத்தில் சான்றை வைத்துப் பிறரைத் திருத்தச்சொல்லுதல் இன்னும் நன்று. விளம்பரம் வேண்டுவோர்க்கு நம் ஊரில் அச்சகங்களுக்குக் குறைவில்லை.

அச்சகம் என்றதும், இவ்விடயத்தின் வேரையே தொடுகின்றோம். சான்றில்லாமல் எழுதலாகாது என்பது விதி. நாட்காட்டியும் சுவரொட்டியும் பாடநூலும் நாடெங்கும் அச்சிட்டு அனுப்பும் சிவகாசி, தன்னைப் பற்றி அச்சிட்டுக்கொண்டது எத்துணை? 40 ஆண்டு குழாய் உருட்டிய ஒரு மூதாட்டியின் அறிவு அவர் நாவில் மட்டும் உள்ளது. அதனைக் கேட்ட மாணவன் நேரே களஞ்சியத்தில் எழுதினால், ‘சான்று எங்கே?’ என்று நீக்கிவிடுவர். அவர்கள் நீக்குவதும் முறையே. ஆகவே களஞ்சியத்திற்கு முன்னே ஒரு படி உண்டு. கேட்டதை முறையாகக் குறித்து, நாளும் இடமும் ஒப்பிட்டு, அறிந்தோரால் ஆராயப்பெற்று, அச்சிடுதலே அப்படி. விளையாட்டுக்களுக்கு அப்படியை இதழ்கள் கட்டித் தந்தன. நம் தொழில்களுக்கு நாமே கட்டுதல் வேண்டும்.

எனவே நாம் இரண்டு யோசனைகளை ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் முன் வைக்கின்றோம். முதலாவது, இவ்விதழின் தமிழ்ப் பகுதியில் ஆண்டுதோறும் நம் வட்டாரத் தொழில் ஒன்றைப் பற்றி, ஆசிரியர் இருவரேனும் ஒப்புநோக்கிய ஒரு கட்டுரை வெளிவருதல் வேண்டும். வேதியியல் துறையாரும் வரலாற்றுத் துறையாரும் தமிழ்த் துறையாரும் கூடினால் இஃது அரிதன்று. ஆலைகளிலும் அச்சகங்களிலும் பணியாற்றும் பழைய மாணவர் தம்மிடமுள்ள பழைய உரிமங்கள், விலைப்பட்டியல்கள், முகப்புத்தாள்கள் முதலியவற்றை நூலகத்துக்கு உதவுவாராக. இரண்டாவது, கணினி விளையாட்டைப் பற்றி எழுதிப் பழகிய மாணவர், தாம் எழுதும் ஒவ்வொரு விளையாட்டுக் கட்டுரைக்கும் இணையாக நம் மாவட்டக் கட்டுரை ஒன்றைச் சான்றுடன் செம்மை செய்வாராக. விருதுநகரில் ‘தமிழ்நாடு’ என்னும் பெயர் முதலியன வேண்டி 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரைப் பற்றிய பக்கத்திலிருந்தே அவர் தொடங்கலாம்.

இக்காலத்து வினவியவுடன் விடையெழுதும் இயந்திரங்கள் பெருகியுள்ளன. அவையும் இத்தகைய களஞ்சியங்களைப் படித்தே பேசக் கற்கின்றன. நாம் எழுதாது விட்டதை அவை அறியா. பிறர் பிழைபட எழுதியதை நம் ஊர் வரலாறென்று நம் பேரர்க்கே எடுத்துரைக்கும். பின்னர் வருந்துதலிற் பயனென்னை? விளையாட்டிற் கண்டது போலவே, கண்காணிப்பார் இல்லாதவிடத்தும் விலையைக் குறைக்காது கொடுப்பதே வாய்மை. எழுத்திலும் அவ்வாறே. யாரும் ஒப்பிட்டுப் பாரார் என்று தெரிந்த எண்ணையும் ஒப்பிட்டு எழுதும் மாணவர் பதின்மர் இக்கல்லூரியில் தோன்றுவாராயின், சிவகாசியும் விருதுநகரும் தம்மைப் பற்றிய உண்மையைத் தம் மொழியிலேயே படித்தறியும். அப்பதின்மருள் ஒருவராதற்கு யார் முன்வருவர்?