பலகையில் பாட்டியின் முகம்

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919-லும் 921-லும் வெட்டியவை. அவற்றில் மை இல்லை, வர்ணம் இல்லை, வெறும் பள்ளம்தான். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது பள்ளத்துக்குள் நிழல் தங்குகிறது. அந்த நிழலைத்தான் எழுத்து என்று படிக்கிறோம். வெளுத்துப் போவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நம் வீட்டுப் படங்களின் கதை அப்படியில்லையே! மாமியாரின் மாமியார் ஆயுளில் ஒரே ஒரு தடவை ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட போட்டோ. இன்று அது பழுப்பேறி, ஓரத்தில் பூஞ்சை படர்ந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வேறு பிரதி கிடையாது. அந்த முகத்தை மரத்திலோ அக்ரிலிக் தகட்டிலோ செதுக்கி வைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றினால், அதற்கு யந்திரம் இருக்கிறது. ஸி.என்.ஸி. ரௌட்டர் என்று பெயர். கம்ப்யூட்டர் சொன்னபடி நகர்ந்து, சுழலும் முனையால் குடையும். பொழுதுபோக்குக்காக வாங்குகிறவர்கள் வைத்திருக்கும் 3018 என்ற ரகம், 30 செ.மீ.க்கு 18 செ.மீ. பரப்பில் வேலை செய்கிறது. ஒரு மேஜை போதும்.

ஆனால் இந்த யந்திரத்துக்குச் சாம்பல் நிறம் என்றால் என்னவென்று தெரியாது. குடைந்த இடம், குடையாத இடம், அவ்வளவுதான். பாட்டியின் கன்னத்து நிழலுக்கு எங்கே போவது?

பழைய பத்திரிகைப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அத்தனையும் புள்ளிகள்! புள்ளி பெரிதானால் இருட்டு, சிறிதானால் வெளிச்சம். 'ஹாஃப்டோன்' என்ற இந்த வித்தையை நம் நாட்டில் வளர்த்தவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவின் உபேந்திர கிஷோர் ராய். சினிமா எடுத்த சத்யஜித் ரேயின் பாட்டனார்! படப் பித்து அந்தக் குடும்பத்தில் அப்போதே புகுந்துவிட்டது போலும்.

ரௌட்டர் புள்ளிக்குப் பதில் கோடு போடுகிறது. அதன் முனை கூம்பு வடிவம். ஆழமாக இறங்கினால் கோடு அகலம். மேலோட்டமாகப் போனால் மெல்லிசு. 60 டிகிரி முனை 1 மில்லிமீட்டர் இறங்கினால் கோடு 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக அகலும். எட்டி நின்று பார்க்கும் கண் இந்தக் கோடுகளைச் சேர்த்துக் கன்னமாக்கிக் கொள்கிறது.

இதிலிருந்தே மற்றதெல்லாம் புரிந்துவிடும். மில்லிமீட்டருக்கு ஒரு கோடு என்றால், 12 செ.மீ. உயரமுள்ள முகத்துக்கு 120 கோடுகள் கிடைக்கும். கல்யாண கோஷ்டிப் படத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு முகத்துக்கும் பத்துப் பன்னிரண்டு கோடுதான். கண் எது, மூக்கு எது என்று சம்பந்தி வீட்டாருக்கே தெரியாது! ஒரு முகத்தை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பலகையும் சமமாக இருக்கவேண்டும். அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தாலும் ஒரு பக்கத்துக் கோடு மெலிந்து, பாதி முகம் வெளிறிவிடும். குடைவதற்கு முன் பலகையின் மேற்பரப்பை யந்திரத்திலேயே சீவிக்கொள்வது நல்லது.

அக்ரிலிக் சூடு தாங்காது. முனை வேகமாகச் சுழன்றுகொண்டு மெதுவாக நகர்ந்தால், வெட்டுவதற்குப் பதில் உருக்கிவிடும். வார்த்துச் செய்த தகடாக இருந்தால் தொல்லை குறைவு. தகட்டின் விளிம்பில் எல்.இ.டி. விளக்கு வைத்தால், உள்ளே ஓடும் ஒளி குடைந்த இடத்தில் மட்டும் வெளியே வரும். அழகுதான், ஆனாலும் என் அபிப்பிராயம், பாட்டிக்கு மரமே பொருத்தம்! கரையான் வராத சுவராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் குடையச் சொல்கிறோம் என்பதில் ஜாக்கிரதை வேண்டும். கறுப்பு வர்ணம் பூசிய பலகையில் குடைந்த இடம் வெளுப்பு. பூசாத பலகையில் குடைந்து மை நிரப்பினால் அதுவே கறுப்பு. இதை மாற்றிவிட்டால் பாட்டியின் நரைத்த தலை கருகருவென்றாகி, பிலிம் நெகடிவ் மாதிரி நம்மைப் பார்த்து விழிப்பாள். முழு முகத்தையும் குடைவதற்கு முன், ஒரு கண்ணை மட்டும் துண்டுப் பலகையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அசல் போட்டோவை எவரிடமும் கொடுக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கவும் வேண்டாம். முகமே உரிந்து வந்துவிடக் கூடும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, பளபளப்பு விழாமல், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்து அந்தப் பிரதியைக் கொடுங்கள்.

இன்னொன்று. அக்ரிலிக்கில் பெரும்பாலும் பின்பக்கம் குடைவார்கள். முன்பக்கம் வழுவழுவென்று இருக்கும். அதற்குப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடவேண்டும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் மேலாக்கு எந்தத் தோளில் இருக்கிறது, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.