பட்டியலும் பிரசங்க பீடமும்

அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் அமைப்பு சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன். அதன் போதகர்களால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் அதனிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டது ஒன்றுதான். குற்றம் செய்த போதகர்களின் பெயர்களைப் பட்டியலாக வையுங்கள். ஒரு சபையில் மாட்டிக்கொண்டவர் அடுத்த ஊருக்குப் போய், இன்னொரு சபையில் பைபிளோடு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2008இல் இந்தக் கோரிக்கையை மறுத்துவிட்டார்கள். சொன்ன காரணம் பக்தி மிகுந்தது: பாப்டிஸ்ட் மரபில் ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது, போதகரை வைப்பதும் நீக்குவதும் அந்தந்தச் சபையின் உரிமை, மேலிருந்து யாரும் தலையிடக் கூடாது.

2022 மே மாதம், வெளி நிறுவனம் ஒன்று விசாரித்து எழுதிய அறிக்கை வந்தது. கிட்டத்தட்ட 300 பக்கம். அதைப் படித்தபோதுதான் தெரிந்தது, பட்டியல் இருந்திருக்கிறது. தலைமையகத்து ஊழியர் ஒருவர் வருடக்கணக்கில் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். 700க்கு மேல். எல்லாரும் இந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர். 400க்கு மேற்பட்டவர்கள் தொடர்புடையவர்களாகக் கருதப்பட்டார்கள். பட்டியல் போட முடியாது என்று பெண்களிடம் சொல்லிக்கொண்டே பட்டியலைப் பத்திரமாக மேசைக்குள் வைத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஜூனில் நியூ ஆர்லியன்ஸில் ஆண்டுக் கூட்டம். இரண்டு சபைகளை வெளியேற்றியது செல்லும் என்று பெரும்பான்மை ஓட்டில் உறுதிசெய்தார்கள். ஒன்று கலிபோர்னியாவின் சாடில்பேக். ரிக் வாரன் தொடங்கிய பெரிய சபை. மற்றது கென்டக்கியில் ஒரு சின்னச் சபை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண் அங்கே போதகராக இருந்தார். இரண்டின் குற்றமும் ஒன்றுதான், பெண்ணைப் போதகராக ஏற்றுக்கொண்டது.

சுயாதீனம் எங்கே போயிற்று? போதகரை வைப்பது அந்தந்தச் சபையின் உரிமை என்றால், பெண்ணை வைப்பதும் அந்த உரிமைக்குள்தானே வரும்? இதற்கு அவர்களிடம் பதில் உண்டு. நாங்கள் அந்தப் பெண்ணை நீக்கவில்லை, எங்களோடு ஒத்துப்போகாத சபையோடு உறவை முடித்துக்கொண்டோம், அது எங்கள் உரிமை என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கதவு 2008இலும் அங்கேதானே இருந்தது? அத்துமீறியவரை அறிந்தே வைத்திருக்கும் சபையோடு அப்போதே உறவை முடித்திருக்கலாமே? 2019இல் டெக்சாஸ் செய்தித்தாள்கள் கணக்கெடுத்து அச்சிட்ட பிறகுதான் அப்படிச் சில சபைகளை விலக்கினார்கள். அப்போது சுயாதீனம் குறுக்கே வந்து நிற்கவில்லை.

வேதம் மாறாது, நாங்கள் வேதத்தின் பக்கம் நிற்கிறோம், உலகம்தான் மாறிவிட்டது என்பது இவர்களுடைய அரசியலின் அடித்தளம். இந்த அமைப்பின் சொந்தப் பதிவேட்டையே புரட்டிப் பார்க்கலாம். 1964இல் வட கரோலினாவில் ஒரு சதர்ன் பாப்டிஸ்ட் சபை ஆடி டேவிஸ் என்ற பெண்ணுக்குப் போதகர் அபிஷேகம் கொடுத்தது. 1971இல், உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, இதே கன்வென்ஷன் கருக்கலைப்புக்கு இடம் தரும் சட்டங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பலாத்காரம், கருவின் கடும் குறைபாடு மட்டுமல்ல. தாயின் உடல்நலமும் மனநலமும் கெடும் என்றாலும் இடம் தரலாம் என்றது. 1979இல் தீவிரப் பழமைவாத அணி தலைமையைப் பிடித்தது. 1980இல் கருக்கலைப்புத் தீர்மானம் தலைகீழானது. 1984இல், முதலில் பாவத்தில் விழுந்தவள் ஏவாள், ஆகவே பெண்ணுக்கு மேய்ப்புப் பொறுப்பு இல்லை என்றார்கள். மனைவி கணவனுக்கு இன்முகத்தோடு கீழ்ப்படிய வேண்டும் என்பது விசுவாச அறிக்கையில் ஏறியது 1998இல்தான். 2000இல் போதகர் பதவி ஆண்களுக்கு மட்டும் என்று எழுதினார்கள். அந்த ஆண்டே ஜிம்மி கார்ட்டர் அந்த அமைப்போடு தன் தொடர்பை முறித்துக்கொண்டார். 'ஆதிமுதல் இருந்த சத்தியம்' என்று இன்று நமக்கு விற்கப்படுவதன் வயது என் வயதைவிடக் குறைவு.

கீழ்ப்படிதல் பற்றிய அந்த வசனத்தை நாமும் கேட்டிருக்கிறோம். எபேசியர் 5:22. எங்கள் குடும்பக் கல்யாணம் ஒன்றுகூட அது இல்லாமல் முடிந்ததில்லை. அதற்கு முந்தைய 21ஆம் வசனம் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. அதை எந்த ஐயரும் மணமேடையில் வாசித்து நான் கேட்டதில்லை. கிரேக்கத்தின் மிகப் பழைய பிரதிகளில் 22ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. 21இடமிருந்துதான் கடன் வாங்குகிறது. கடன் கொடுத்தவரை மறைத்துவிட்டு வாங்கியவரை மட்டும் மேடையேற்றுகிறார்கள்.

அந்தச் சபைகளில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. அவர்களுடைய விசுவாசம் உண்மையானது, காணிக்கையும் உண்மையானது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இந்த அமைப்பு மிஷனரி வேலைக்காகத் திரட்டும் பெரிய காணிக்கை லாட்டி மூன் என்ற பெண்ணின் பெயரில் இருக்கிறது. 1873இல் சீனா போனவர். அங்கே அவர் சொன்னதை ஆண்களும் உட்கார்ந்து கேட்டார்கள். மிஷன் கூட்டங்களில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா செய்வேன் என்று சண்டை போட்டவர் அவர். அவர் பெயருக்கு வரும் பணத்தை எண்ணி எடுத்துக்கொள்வதில் இவர்களுக்கு எந்த வேத முரணும் தென்படவில்லை.

2024 ஜூனில் இண்டியானாபோலிஸ் கூட்டம். எந்தப் பட்டத்திலும் பெண் போதகர் இருக்கக் கூடாது என்பதை அமைப்புச் சட்டத்திலேயே எழுத ஓட்டெடுத்தார்கள். 61 சதவீதம் ஆதரவு. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால் தோற்றது. செயற்கைக் கருத்தரிப்பு பற்றி எச்சரித்து ஒரு தீர்மானமும் நிறைவேறியது. அத்துமீறியவர்களின் பெயர்களை வெளியிடுவதாகச் சொல்லி ஓர் இணையதளம் தயார் செய்திருந்தார்கள். கூட்டம் முடிந்த அன்றும் அதில் ஒரு பெயர்கூட ஏறவில்லை.