சம்பளமும் வேணும்... மனநிறைவும் வேணும்! - டாக்டர் வி காட்டிய வழி

‘சம்பளம் ஓகே... ஆனா, மனசு ஒட்டலை!’

ஐ.டி அலுவலக டீ பிரேக்கிலும், வங்கி கவுன்ட்டருக்குப் பின்னாலும், பள்ளி ஆசிரியர் அறையிலும் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. நாலு பேருக்கு உதவியாக இருக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். மாதம் பிறந்தால் வந்து நிற்கும் இ.எம்.ஐ இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே வண்டியில் பூட்ட முடியுமா?

மதுரையில் ஒருவர் பூட்டிக் காட்டினார். அவர், ‘டாக்டர் வி’ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர்.

ஆசைப்பட்டது ஒன்று... அமைந்தது ஒன்று!

எட்டயபுரம் அருகே வடமலாபுரம் கிராமத்தில், 1918-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பேறுகால சிக்கலில் இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்று நினைத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் விதி குறுக்கிட்டது. கடுமையான முடக்குவாதத்தால் 1948-ல் ராணுவப் பணியை விட வேண்டியதாயிற்று. விரல்கள் கோணிப்போயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

ஆனால், மருத்துவம் எட்டாத மக்களுக்கு அது எட்ட வேண்டும் என்ற எண்ணம் முடியவில்லை. கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்.

கருணைக்கும் கணக்கு உண்டு!

1976-ல் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 58. அதே ஆண்டு, 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் கூடவே நின்றார்கள். பணம் போதாதபோது குடும்பத்து நகைகள் அடகுக் கடைக்குப் போயின.

இலவச சிகிச்சை என்றால் நன்கொடைக்குக் கையேந்த வேண்டும் என்பதுதான் வழக்கம். டாக்டர் வி வேறு வழியைப் பிடித்தார். வசதி உள்ளவர் கட்டும் கட்டணத்திலேயே வசதி இல்லாதவரின் சிகிச்சையும் நடந்தது. ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சை முடிவதற்குள் அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது. கிராமத்து இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை முதல் அறுவை சிகிச்சை உதவி வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 1992-ல் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டு லென்ஸ் விற்ற விலையில் சிறு பகுதிக்கே உள்ளூரில் லென்ஸ் தயாரித்தது.

இன்னொரு விஷயமும் புரிந்தது. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி... இவைதான் தடை. அதனால், கிராம முகாமில் இருந்து அழைத்துவருவது, தங்கவைப்பது, உணவு கொடுப்பது எல்லாம் சிகிச்சையோடு சேர்ந்தன. ‘இலவசம்தானே, ஏன் வரலை?’ என்று அலுத்துக்கொள்ளாமல், எது தடுக்கிறது என்று பார்த்ததுதான் அங்கே உண்மையான உதவி.

நம் மேஜையில் என்ன செய்யலாம்?

எல்லோரும் மருத்துவமனை கட்ட முடியாது. தேவையும் இல்லை. உங்கள் வேலையில் மறுமுனையில் இருப்பவர் யார், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். சான்றிதழுக்காக வரும் முதியவருக்குத் தேவையான ஆவணங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவருக்கு இரண்டு நடை மிச்சம். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுத்தால், அவருக்கு ஒரு வாரப் பதற்றம் மிச்சம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று தலையாட்டி, அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வது கருணை ஆகாது. அது சோர்வில்தான் கொண்டுபோய் விடும்.

சில வேலைகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. டார்கெட்டுக்காக, ஓய்வூதியப் பணத்தில் வாழ்பவரின் தலையில் பொருந்தாத பாலிசியைக் கட்டச் சொன்னால்? அங்கே சிரித்த முகம் மட்டும் போதாது. மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாம். எதுவும் நடக்கவில்லை என்றால், ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்த்துக்கொண்டே வேறு வேலை தேடலாம். குடும்பத்தைத் தவிக்க விடாமல் மாறுவதும் அன்பில் சேர்ந்ததுதான்.

டாக்டர் வி தன் மருத்துவமனையைத் தொடங்க 58 வயது வரை ஆனது. அதுவரையிலும் அவர் சும்மா காத்திருக்கவில்லை. அரசு வேலையில் இருந்தபடியே கிராமங்களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்திக்கொண்டுதான் இருந்தார். மனசுக்குப் பிடித்த வேலை வரட்டும் என்று இருப்பவர்கள், திங்கட்கிழமை கையில் இருக்கும் வேலையிலேயே தொடங்கலாம்!