உணவு குறைந்தால் நாள் தள்ளிப்போவது ஏன்

எடை குறைக்க உணவைக் குறைக்கும் பெண்களில் சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது. சிலருக்குப் போக்கு குறைந்து இரண்டு நாளிலேயே முடிந்துவிடுகிறது. இன்னும் சிலருக்கு மாதக்கணக்கில் வருவதே இல்லை. மருத்துவம் இதை நெடுங்காலமாக அறியும். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மோர்ட்டன் 1689-இல் வெளியிட்ட நூலில், 1684 ஜூலையில் மாதவிடாய் நின்று, உணவில் நாட்டமற்று, எலும்பும் தோலுமாக இளைத்துப்போன 18 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

ஒருத்திக்கு நேர்ந்தது ஊருக்கே நேர்ந்த காலங்களும் உண்டு. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த மேற்கு நெதர்லாந்தின் நகரங்களில் ரேஷன் உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போனது. அங்கே ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. 1945 மே மாதம் விடுதலை வந்து உணவும் வந்தபின் மாதவிடாய் திரும்பியது. பிறப்பு எண்ணிக்கையும் ஏறியது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோதும் இதே கதைதான். 1876–78 தாது வருடப் பஞ்சத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் பதிவான பிறப்புகள் வெகுவாகச் சரிந்தன. ஆண்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனது அதற்கு ஒரு காரணம். பட்டினி கிடந்த உடல் கருத்தரிக்கும் நிலையில் இல்லாதது இன்னொரு காரணம்.

இப்படி நிற்கும்போது கருப்பையிலோ சினைப்பையிலோ கோளாறு எதுவும் இருப்பதில்லை. கட்டளை வரும் இடத்தில்தான் வேலை நிற்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், சுழற்சியின் முதல் பாதியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஒரு ஹார்மோனைச் சிறு துடிப்பாக வெளிவிடுகிறது. அதை வாங்கும் பிட்யூட்டரி சுரப்பி, எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரு ஹார்மோன்களைச் சினைப்பைக்கு அனுப்புகிறது. அதன் பிறகே கருமுட்டை முதிர்வதும், ஈஸ்ட்ரோஜன் ஏறுவதும், கருப்பையின் உட்சுவர் தடிப்பதும் நடக்கின்றன. துடிப்பின் தாளம் இங்கே மிக முக்கியம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1970-களின் இறுதியில் குரங்குகளிடம் இதை நிறுவினார்கள். மணிக்கு ஒருமுறை என்று அந்த ஹார்மோனைச் செலுத்தியபோது சுரப்பி ஒழுங்காக வேலை செய்தது. விடாமல் சொட்டுச் சொட்டாகச் செலுத்தியபோது அடங்கிவிட்டது. உணவு குறையும்போது கெடுவது இந்தத் தாளம்தான். துடிப்புகளுக்கு இடையே இடைவெளி நீள்கிறது, கருமுட்டை முதிர்வதில்லை, ஈஸ்ட்ரோஜன் ஏறுவதில்லை. உட்சுவர் தடிக்காததால் உதிர்வதற்கும் ஒன்றும் இருப்பதில்லை.

சாப்பாடு போதவில்லை என்ற செய்தி மூளைக்குப் பல வழிகளில் போய்ச் சேர்கிறது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-இல் கண்டறிந்த லெப்டின் என்ற ஹார்மோன் அவற்றில் முக்கியமானது. கொழுப்புச் செல்களில் சுரக்கும் இது, உடலில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்கிறது. இருப்பு கரையும்வரை அது காத்திருப்பதும் இல்லை. இரண்டு மூன்று நாள் உண்ணாமல் இருந்தாலே, உடல் கொழுப்பு பெரிதாகக் குறையும் முன்பே, ரத்தத்தில் லெப்டின் சரிந்துவிடுகிறது. கூடவே இன்சுலின் இறங்குகிறது, தைராய்டின் டி3 குறைகிறது, கார்ட்டிசால் ஏறுகிறது. டயட்டில் இருப்பவர்களுக்குக் கை கால் சில்லிடுவது, முடி கொட்டுவது, காரணமில்லாமல் சோர்வு வருவது எல்லாம் செலவைக் குறைக்க உடல் எடுக்கும் இந்தச் சிக்கன நடவடிக்கையின் வேறு முகங்கள். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மிகுந்த உடற்பயிற்சியாலோ எடைக் குறைவாலோ மாதவிடாய் நின்றிருந்த 8 பெண்களுக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். சிலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளியானது. செய்தி அனுப்புவதில் லெப்டினுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

எத்தனை கிலோ குறைந்தால் மாதவிடாய் நிற்கும் என்று கேட்பவர்கள் அதிகம். ஒருகாலத்தில் விஞ்ஞானிகளும் அப்படித்தான் கேட்டார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ரோஸ் ஃப்ரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் இருவரும் 1974-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: பெண் பூப்பெய்த உடல் எடையில் 17 சதவீதமாவது கொழுப்பு வேண்டும், மாதவிடாய் ஒழுங்காகத் தொடர 22 சதவீதம் வேண்டும். எளிதாக நினைவில் நிற்கும் எண்கள் என்பதால் வெகுகாலம் புழங்கின. ஆனால் அதைவிடக் குறைந்த கொழுப்போடு மாதம் தவறாமல் மாதவிடாய் வரும் ஓட்டக்காரிகள் இருந்தார்கள். பார்ப்பதற்கு இயல்பான எடையோடு, மாதவிடாய் நின்றுபோன பெண்களும் இருந்தார்கள்.

விடை வேறு இடத்தில் இருந்தது. ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆன் லௌக்ஸ், கடும் பயிற்சி எதுவும் செய்யாத, ஒழுங்கான சுழற்சி உள்ள இளம்பெண்களை ஐந்து நாளைக்கு வெவ்வேறு அளவு உணவில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து எல்.எச். துடிப்புகளை எண்ணினார். அவர் பயன்படுத்திய அளவுகோல் எடை அல்ல. உண்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சியில் செலவானதைக் கழித்து, மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுத்தார். உயிர் வாழ்வதற்கு உடலின் கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. ஒரு கிலோவுக்கு 45 கலோரி மிஞ்சினால் வரவும் செலவும் சரிக்குச் சரி. 30-க்குக் கீழே போனதும் துடிப்புகள் குலைந்தன. ஐந்தே நாளில் இது நடந்தது. 2003-இல் வெளியான இந்த முடிவுதான் விளையாட்டு மருத்துவத்தில் உணவுப் பற்றாக்குறை பற்றிய இன்றைய புரிதலுக்கு ஒரு முக்கிய அடித்தளம். அந்த 30-ஐத் தாண்டக்கூடாத எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பற்றாக்குறை கூடக்கூட மாதவிடாய் கெடும் வாய்ப்பும் படிப்படியாகக் கூடுகிறது என்பதையே பின்வந்த ஆய்வுகள் காட்டின.

இந்தக் கணக்கை ஒரு பெண்ணுக்குப் போட்டுப் பார்க்கலாம். எடை 50 கிலோ, அதில் கால் பங்கு கொழுப்பு என்றால் மீதி 37.5 கிலோ. கிலோவுக்கு 45 வீதம் அவளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,690 கலோரி மிஞ்ச வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று அவள் 1,200 கலோரி டயட்டில் இறங்கி, ஜிம்மில் தினமும் 250 கலோரி செலவழித்தால் கையில் நிற்பது 950. கிலோவுக்கு 25 கலோரிதான். அவள் ஒல்லி என்று யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் அவளுடைய ஹைப்போதலாமஸ் அதைப் பஞ்சமென்றே எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள இந்தியப் பெண்ணுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வகுத்த தேவையே நாளொன்றுக்கு 1,660 கலோரி. உயரம், எடை, வேலை எதையும் கேட்காமல் எல்லாருக்கும் ஒரே 1,200 கலோரிப் பட்டியலை எழுதித் தருவது பொறுப்பற்ற செயல்.

வயதும் இதில் சேரும். பூப்பெய்திப் பதினான்கு ஆண்டுகள் ஆவதற்கு முன்பு இந்தத் தாளம் எளிதில் கலைகிறது; அதற்குப் பிறகு அதே ஐந்து நாள் பற்றாக்குறையை உடல் தாங்கிக்கொள்கிறது என்று லௌக்ஸ் பின்னர் கண்டார். டயட்டில் அதிகம் இறங்கும் கல்லூரி வயதுப் பெண்கள்தான் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்களும். வீட்டில் அம்மாவும் மகளும் ஒரே டயட்டைத் தொடங்கி, அம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் மகளுக்கு மட்டும் நாள் தள்ளிப்போனால் அதில் வியப்பில்லை.

நிற்பது திடீரென்று நடப்பதும் இல்லை. முதலில் கெடுவது சுழற்சியின் பின்பாதி. கருமுட்டை வெளியானபின் 12 முதல் 14 நாள் நீடிக்க வேண்டிய காலம் பத்து நாளுக்கும் கீழே சுருங்குகிறது, புரோஜெஸ்டிரோன் குறைகிறது. அப்போதும் மாதவிடாய் வந்துகொண்டிருப்பதால் பெண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. அடுத்த கட்டத்தில் கருமுட்டை வெளியாகாமலே ரத்தப்போக்கு வருகிறது. பிறகு 40 நாள், 50 நாள் என்று தள்ளுகிறது. நிற்பது கடைசியில்தான்.

என்ன சாப்பிடுகிறார்கள் என்பதும் முக்கியம். ம்யூனிக்கில் மாக்ஸ் பிளாங்க் மனநல ஆய்வு நிறுவனத்தார் 1986-இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். இயல்பான எடையுள்ள 18 பெண்கள் ஆறு வாரம் டயட் இருந்து வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தார்கள். சைவ உணவு உண்ட 9 பேரில் 7 பேருக்குக் கருமுட்டை வெளியாவது நின்றது. அசைவம் உண்ட 9 பேரில் 7 பேருக்கு அது தொடர்ந்தது. பதினெட்டுப் பேரை வைத்து சைவ உணவைக் குறை சொல்வது நியாயமில்லை. வயிறாரச் சாப்பிடும் சைவர்களுக்கு இந்த ஆய்வில் எந்தச் செய்தியும் இல்லை. ஆனால் எண்ணெயும் தேங்காயும் பருப்பும் நீக்கி, காய்கறி சாலடும் நீர்த்த சூப்புமாக இருக்கும் டயட் வயிற்றை நிரப்பினாலும் உடலுக்குக் கொடுப்பது மிகக் குறைவு என்பதை நினைவில் கொள்வது நல்லது.

மாதாமாதம் வலியும் தொந்தரவும் இல்லாமல் போனதை நிம்மதியாக நினைக்கும் பெண்களும் உண்டு. கூடவே என்ன நிற்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு வளர்வதில்லை. இருபதுகளின் இறுதிக்குள் ஒரு பெண் சேர்த்துக்கொள்ளும் எலும்புதான் வாழ்நாள் முழுவதற்குமான சேமிப்பு. பதினெட்டு வயதில் ஓராண்டு மாதவிடாய் நின்றால் சேமிக்க வேண்டிய வயதில் செலவு நடக்கிறது; இழந்தது முழுவதும் திரும்புவதாகச் சொல்ல முடியாது. ஓட்டக்காரிகளுக்குக் காலெலும்பில் நுண்ணிய முறிவுகள் வருவதைப் பார்த்துத்தான், உணவுக் குறைவு, மாதவிடாய்க் கேடு, எலும்புத் தேய்வு மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்று 1990-களில் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் எச்சரித்தார்கள். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை விரித்து, ஆண் வீரர்களுக்கும் சேர்த்தே வரையறுத்தது.

பி.சி.ஓ.டி. எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்குக் கதை நேர்மாறானது. அதிக எடையோடு அந்தக் கோளாறும் இருந்தால், எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே, அதாவது 80 கிலோ உள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைந்தாலே, பலருக்கு மாதவிடாய் சீராகிறது. இன்சுலின் இறங்க, சினைப்பையில் ஆண் ஹார்மோன் சுரப்பதும் குறைகிறது. எடை குறைந்தால் பீரியட்ஸ் சரியாகும் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியதற்கு இதுவே காரணம். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

ஆபத்து இரண்டையும் குழப்பிக்கொள்வதில் இருக்கிறது. பட்டினியால் மாதவிடாய் நின்ற பெண்களிலும் சிலருக்கு ஸ்கேனில் சினைப்பையில் சிறு நீர்க்கட்டிகள் நிறையத் தெரியும். அவை முதிராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். ரிப்போர்ட்டில் அதைப் பார்த்ததும் பி.சி.ஓ.டி. என்று முடிவு கட்டி, இன்னும் எடையைக் குறைக்கச் சொன்னால் நோயையே மருந்தாகக் கொடுத்ததாகிவிடும். பிரித்தறிய வழி இருக்கிறது. டயட்டுக்கு முன்பு மாதவிடாய் ஒழுங்காக வந்ததா, எப்போதிருந்து தள்ளுகிறது, அதற்கு முன் எவ்வளவு எடை குறைந்தது, தினமும் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு ஓடுகிறாள் என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும். முகத்தில் ரோமம், தீராத பரு, ரத்தத்தில் ஏறிய ஆண் ஹார்மோன் ஆகியவை பி.சி.ஓ.டி. பக்கம் கை காட்டும்; குறைந்த எல்.எச்., குறைந்த ஈஸ்ட்ரோஜன், மெலிந்த கருப்பை உட்சுவர் ஆகியவை பட்டினியின் பக்கம் காட்டும். கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, தைராய்டையும் புரோலாக்டினையும் சோதித்துவிட்டே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

மாதவிடாய் தொடர்ந்து 45 நாளுக்கு மேல் தள்ளினாலோ, மூன்று மாதம் வராமல் இருந்தாலோ பரிசோதனை தேவை என்கிறது அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டு நெறி. மாதவிடாயை வரவழைக்கவென்றோ எலும்பைக் காக்கவென்றோ கருத்தடை மாத்திரை தருவதை அது பரிந்துரைக்கவில்லை. மாத்திரையை நிறுத்தும்போது வரும் ரத்தப்போக்கு மாத்திரையின் வேலை. மூளையின் தாளம் திரும்பியதற்கு அது அடையாளம் ஆகாது. உள்ளே இருக்கும் பிரச்சினையை அது மறைத்தும்விடும். மருத்துவம் உணவில்தான் தொடங்குகிறது: சாப்பிடுவதைக் கூட்டுவது, பயிற்சியைக் குறைப்பது, எடை கூடும் அச்சம் ஆழமாக இருந்தால் மனநல ஆலோசனையும் சேர்ப்பது.

திரும்பிவரச் சில மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். எந்த எடையில் நின்றதோ அதைவிட இரண்டு கிலோ அளவுக்குக் கூடினால்தான் பலருக்குத் திரும்புகிறது. கருமுட்டை வெளியான இரண்டு வாரத்துக்குப் பிறகே முதல் ரத்தப்போக்கு வரும் என்பதால், மாதவிடாய் வரும் முன்பே கரு தங்கவும் வாய்ப்பு உண்டு. குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் மாதவிடாய் இல்லாத மாதங்களைப் பாதுகாப்பானவை என்று நினைக்கக்கூடாது. அதிக எடையோடு இருந்து, 2025 முதல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ள டிர்செபடைடு போன்ற எடைக் குறைப்பு ஊசிகளால் வேகமாக இளைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இளைக்க இளைக்க அவர்களுக்குக் கருமுட்டை திரும்ப வெளியாகத் தொடங்கலாம். அத்துடன் டிர்செபடைடு, வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் ஆற்றலைக் குறைக்கக்கூடியது. ஊசி தொடங்கிய முதல் நான்கு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறொரு தடுப்பையும் சேர்த்துக் கைக்கொள்ள வேண்டும்.