பால் பல்தானே என்கிறவர்களுக்கு

“பால் பல் எப்படியும் விழப்போகிறது, சொத்தையானால் காசு செலவழித்துச் சரிசெய்வானேன்?” என்கிறார்கள்.

ஒன்று: எப்போது விழும்? மேல் முன்பற்கள் விழுவது 6, 7 வயதில். வாயில் பால்புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு அவை 2 வயதிலேயே அரித்துப்போகலாம். மிச்ச ஆண்டுகள் முழுக்கக் குழந்தை வலியோடு கடித்துத் தின்ன வேண்டுமா? இரவில் அழுதால் என்ன சொல்வீர்கள், பொறுத்துக்கொள் என்றா?

இரண்டு: தாடை எலும்புக்குள், பால் பல்லின் வேருக்கு அருகிலேயே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. வேரில் சீழ் கட்டினால் நிரந்தரப் பல்லின் எனாமலும் கெடலாம். அது விழப்போகிற பல்லா?

மூன்று: செலவு. சொத்தை வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே பல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் ஃப்ளூரைடு பூச்சு போதும். முற்றினால்தான் வேர் சிகிச்சை, பல் நிற உறை, சிலருக்கு மயக்க மருந்து. செலவைக் கூட்டியது யார்?

காப்பாற்றவே முடியாத பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். அதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.