மார்கழிப் பனியும் மேட்டூர் வலையும்

மார்கழியில் மேட்டூர் மீனுக்கு விலை படுத்துவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளில் கவுச்சி கிடையாது. மாலை போடாத வீடுகளிலும் மார்கழி என்று சொல்லிக் கறி, மீன் எடுக்காதவர்கள் பலர். வாங்க ஆளில்லாத இந்த மாதத்தில்தான் பிடிப்பதும் கஷ்டம். இரண்டும் சேர்ந்து வருவதால், பண்ணவாடி, கோட்டையூர்க் கரைகளில் பரிசலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்குக் கை வறண்ட காலம் இது. கடல் மீனவர் பாட்டை நாம் ஓரளவாவது பேசுகிறோம். அணை மீனவர் பாடு பேச்சில் அடிபடுவதே இல்லை.

இங்கே பிழைப்பு ரங்கூன் வலையை நம்பி நடக்கிறது. சாயங்காலம் பரிசலில் போய், மேலே மிதவை கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு வருவார்கள், விடியலில் எடுப்பார்கள். இந்த வலை மீனைத் தேடிப் போகாது. மீன்தான் நீந்தி வந்து, கண்ணிக்குள் தலையை நுழைத்து, பின்வாங்கும்போது செவுள் மாட்ட வேண்டும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் பசியும் ஓட்டமும் குறைந்துவிடும். ஏரி நிறைய மீன் இருக்கும், வலை வெறுமனே நிற்கும்.

தெளிவும் ஒரு தொல்லை. ஆடியில் காவிரி செந்தண்ணியாக இறங்கும்போது மீனுக்கு வலை தெரியாது. மார்கழிக்குள் வண்டல் படிந்து நீர் தெளிந்துவிடும். அதோடு நிலவும் காய்ந்தால் சுத்தம். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் வலை நிறையாது என்பது மீன் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பரிசலில் இரண்டு பேர் வேண்டும். பல பரிசல்களில் அது புருஷனும் பெண்டாட்டியும்தான். அவர் குனிந்து வலையை இழுக்க, அந்த அம்மா துடுப்பைப் போட்டுப் பரிசலை நிலையாகப் பிடிக்க வேண்டும். வட்டப் பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. துடுப்பு கொஞ்சம் தப்பினாலும் தட்டாமாலை சுற்றிவிடும். குளிரில் விறைத்த விரலை ஈர நைலான் நூல் அறுக்கும். ஜிலேபி மீனின் முதுகு முள் வேறு குத்தும். மாட்டிய மீனைப் பிய்த்து எடுக்கக் கூடாது. செவுளுக்குள் போன நூலை விரல் நுனியால் தள்ளி விடுவித்து, பொறுமையாக உருவ வேண்டும். பிய்த்தால் கண்ணியும் போகும், மீனும் நசுங்கும். பனி மூட்டத்தில், எதிர்க்கரை நாகமறை கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில், இத்தனையும் நடக்கிறது.

பனியை மட்டும் பார்த்தால் போதாது, மதகையும் பார்க்க வேண்டும். ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மேட்டூரின் பாசனக் கணக்கு. டெல்டாவில் சம்பாவுக்குத் தண்ணீர் தேவைப்பட்டால் திறப்பைக் கூட்டுவார்கள், இங்கே கரை பின்வாங்கும். அங்கே மழை பிடித்துக்கொண்டால் குறைப்பார்கள், மட்டம் நிற்கும். தஞ்சாவூர் மழைக்கு ஏற்ப இங்கே வலை போடும் இடம் மாறும். 1934-ல், 120 அடி வரை நீர் தேக்கும் இந்த அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அடியில் கிடக்கிறது. நீர் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே வரும். படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது காட்சி. வலைக்காரருக்கு, நீர் மூடியிருக்கும்போதும் இடம் நினைவு வைத்து விலக வேண்டிய கல்.

என் கவலை சிறு கண்ணி வலையைப் பற்றியது. அணையில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். தேங்கிய நீரில் அவை முட்டையிடுவதில்லை. 1957-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான், பண்ணையில் குஞ்சு பொரித்து அணைகளில் விடுவது பெருகியது. ஆகவே அணையிலிருக்கும் கட்லா பெரும்பாலும் யாரோ கொண்டுவந்து விட்டதுதான். பெரிய மீன் அசையாத மாதத்தில், அடுப்பு எரிய வேண்டுமே என்று சிலர் நெருக்கமான கண்ணியை எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் விட்ட குஞ்சுகள் அதில் போய்விடுகின்றன. அடுத்த வருஷத்துக் கிலோக்கணக்கு இந்த வருஷத்துக் கூறுகளில் கரைகிறது.

அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வலையைப் பறிப்பதாலோ அபராதம் போடுவதாலோ மார்கழிப் பசி தீராது. கிழக்குக் கடலில் 61 நாள் தடைக்காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறதே, அதே நியாயத்தில் மேட்டூர்ப் பரிசல்காரருக்கும் மார்கழி ஒரு மாதத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்துச் சிறு கண்ணியைக் கரையேற்றச் சொல்லலாம். விட்ட குஞ்சு வளர்ந்தால் அந்தப் பணம் அணையிலேயே திரும்பக் கிடைக்கும்.

வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். காணும் பொங்கலுக்கு அணைப் பூங்கா போகிறவர்கள் பொரித்த மீன் தின்னாமல் திரும்புவதில்லை. கையகலக் கட்லாவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, ஜிலேபி கேளுங்கள். 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் அது. யாரும் விடாமல் தானாகவே பெருகுவது. வெயில் ஏறியதும் ஆழமில்லாத கரைக்கு வந்துவிடுவதால், குளிர்காலத்திலும் மத்தியானத் தூண்டிலுக்குச் சிக்கும். எத்தனை தின்றாலும் அணைக்கு நஷ்டமில்லை.