கரிமம் சேர்ந்த சிலிக்காவும் வங்காளத்துக் குழாய்க் கிணறும்

கொல்கத்தாவின் தென்பகுதியாகிய ஜாதவ்பூரில், ராஜா எஸ். சி. மல்லிக் சாலை என்னும் ஒரே சாலையின்மீது மூன்று விஞ்ஞான நிலையங்கள் அமைந்துள்ளன. 1950-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஒன்று. 1876-ஆம் ஆண்டில் மகேந்திரலால் சர்க்கார் நிறுவி, பின்னாளில் பௌபஜாரிலிருந்து இங்கு இடம் பெயர்ந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் மற்றொன்று. மூன்றாவது ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம். கரிமம் சேர்ந்த சிலிக்கா என்னும் பொருளைப் பற்றி ஆராய்வதற்கு இச்சாலையினும் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது. அப்பொருளின் உண்மையான தேர்வுக்கூடமோ, ஜாதவ்பூரிலிருந்து அதே இரயில் பாதையில் தெற்கே சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் அடையக்கூடிய பாருய்ப்பூர் வட்டாரத்துக் கைப்பம்புகளின் அடியில் உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் இரயில் கட்டணத்தால் மட்டும் அளக்கத்தக்கதன்று.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். தூய மணலை உருக்கிக் கண்ணாடியாக்க 1,700 பாகை சென்டிகிரேடிற்கு மேற்பட்ட வெப்பம் தேவை. அத்தகைய உலையில் கரிமப் பொருள் எதுவும் எரிந்து சாம்பலாகும். ஆகவே கண்ணாடியும் கரிமச் சேர்மமும் ஒன்றையொன்று அணுகாதவை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. நம் பாடநூல்களும் அவற்றை வெவ்வேறு பகுதிகளில் வைத்துக் கற்பிக்கின்றன. ஆனால் கண்ணாடிக்கு உலையில்லாத வழியும் ஒன்றுண்டு. 1840-களில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் எபெல்மன், சிலிக்கனும் சாராயமும் கூடிய ஒரு திரவம் ஈரக்காற்றில் தானே இறுகிக் கண்ணாடி போன்றதாவதைக் கண்டார். அத்திரவத்தோடு நீரும் சிறிது அமிலமும் சேர்ப்பின், சாராயம் பிரிந்து, சிலிக்கன் அணுக்கள் ஆக்சிஜன் வழியாக ஒன்றோடொன்று பிணைந்து, முதலில் கூழாகவும் பின்னர்க் களியாகவும் மாறும். இவை யாவும் ஒரு முகவையில், அறையின் வெப்பநிலையிலேயே நிகழ்வன.

இங்கேதான் நுட்பம் உள்ளது. சிலிக்கனுக்குக் கைகள் நான்கு. மூன்று கைகளில் ஆக்சிஜன் வழியே சாராயத் தொகுதிகளையும், நான்காவது கையில் நேராக ஒரு கரிம அணுவையும் கொண்ட திரவத்தை எடுத்துக்கொண்டால், நீர் முதல் மூன்றையே பிரிக்க வல்லது. சிலிக்கனுக்கும் கரிமத்திற்கும் இடையேயுள்ள பிணைப்பை அது தொடுவதில்லை. எனவே களி இறுகிய பின்னரும் அக்கரிமத் தொகுதி சிலிக்காவின் உடலில் நிலைத்து நிற்கும். 1980-களில் ஜெர்மனியில் ஹெல்முட் ஷ்மிட் முதலியோர் வளர்த்த இப்பொருள்கள் ‘ஆர்மோசில்’ என்னும் பெயர் பெற்றன. தூய சிலிக்காக் களி உலரும்போது வெடித்து நொறுங்குவது ஆய்வுக்கூடங்களில் பலரும் பட்ட துன்பம். கரிமம் சேர்ந்தால் அது ஓரளவு நெகிழ்ந்து கொடுக்கும்.

நான்காவது கையில் எதைப் பொருத்துகிறோமோ, அதற்கேற்பப் பொருளின் குணம் மாறும். 18 கரிம அணுக்கள் கொண்ட சங்கிலியைப் பொருத்திய சிலிக்கா, மருந்துகளைப் பகுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் பயன்படுகிறது. மெத்தில் தொகுதிகள் சேர்ந்த களியினுள் கொழுப்பைப் பகுக்கும் நொதிகளைச் சிறைவைத்தால் அவை மிக்க ஊக்கத்துடன் வேலை செய்வதை 1990-களில் ரீட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் காட்டினார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஆசிம் பௌமிக் ஜப்பானியப் பேராசிரியர் தாட்சுமியுடன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நுண்துளைகள் நிறைந்த டைட்டேனியம் சிலிக்காவில் கரிமத் தொகுதிகளைச் சேர்த்து, அதனைச் சிறந்த வினை ஊக்கியாக்கிய முறை விளக்கப்பட்டது. கண்ணாடி ஆராய்ச்சி நிலையத்தில் பிளாஸ்டிக் பரப்புகளில் கீறல் விழாது காக்கும் மேற்பூச்சுகள் இவ்வகைக் கலப்பினின்று உருவாக்கப்பட்டன.

பாதரசத்தைப் பற்றும் சிலிக்கா தனியே குறிப்பிடத்தக்கது. கந்தகமும் ஹைட்ரஜனும் கூடிய தொகுதியைப் பழைய இரசாயன அறிஞர் ‘மெர்காப்டன்’ என்றழைத்தனர். பாதரசத்தைப் பிடிப்பது என்பது அந்த லத்தீன் சொற்களின் பொருள். ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்புடைய நுண்துளைச் சிலிக்காவின் சுவர்களில் இத்தொகுதியை நெருக்கமாகப் பொருத்தி, நீரிலுள்ள பாதரசத்தைப் பற்றச் செய்யும் முறைகள் 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயின. பாதரச நைட்ரைட்டினால் பிரபுல்ல சந்திர ராய் புகழ்பெற்ற நகரத்தில் இச்செய்தி ஆவலுடன் படிக்கப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

பாதரசத்தில் பெற்ற வெற்றி, பாஷாணம் எனப்படும் ஆர்சனிக்கிலும் எளிதில் கிட்டும் என்னும் நம்பிக்கையைப் பலரிடம் விதைத்தது. இந்நம்பிக்கையையே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது.

குளத்து நீரால் வாந்திபேதியும் சீதபேதியும் பரவுவதைத் தடுக்கவே வங்காளத்துக் கிராமங்களில் குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அந்நீரைப் பருகியோரின் தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கையில் தடிப்புகளும் தோன்றியதை 1983-ஆம் ஆண்டில் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் டாக்டர் கே. சி. சாஹா ஆர்சனிக் நஞ்சென்று கண்டறிந்தார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

அமீன் தொகுதி பொருத்திய சிலிக்கா ஆர்சனிக்கைப் பற்றுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. அவை பொய்யல்ல, ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை வாலைவடி நீரில் ஆர்சனேட் உப்பைக் கரைத்துச் செய்யப்பட்டவை. குழாய்க் கிணற்று நீர் அத்தகையதன்று. ஆக்சிஜனற்ற ஆழத்திலிருந்து வரும் அந்நீரில் ஆர்சனிக்கின் பெரும்பங்கு ஆர்சனைட் வடிவில் உள்ளது. சாதாரண நீரின் அமில காரநிலையில் ஆர்சனைட்டுக்கு மின்னேற்றம் இல்லை. நேர்மின்னேற்றம் பெற்ற அமீனால் அதனை ஈர்க்க இயலாது. ஆர்சனேட்டாக இருப்பினும், அதே சாயலுடைய பாஸ்பேட் முன்வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவை போதாவென்று, நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டவுடன் செம்மண் நிறப் படிவாகி நுண்துளைகளின் வாயை அடைக்கும். கிராமத்துப் பெண்கள் குடத்தின் உட்புறத்தில் நாள்தோறும் தேய்த்துக் கழுவும் அந்தச் செம்படிவைப் பல ஆய்வுக் கட்டுரைகள் அறியா.

இது வீண் குறை கூறலன்று. பாருய்ப்பூர் வட்டாரத்தில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள 11 உற்பத்தியாளரின் ஆர்சனிக் நீக்கும் சாதனங்கள் இரண்டாண்டுகள் ஆராயப்பெற்று, முடிவுகள் 2005-ஆம் ஆண்டில் வெளியாயின. அவை ஆர்மோசில் கொண்டவையல்ல. பிற பொருள்களால் ஆனவை. ஆயினும் பாடம் இதற்கும் உரியதே. அவற்றுள் ஒன்றேனும் 10 மைக்ரோகிராம் வரம்பைத் தொடர்ந்து காக்கவில்லை. அந்நாளில் இந்தியாவில் ஏற்கப்பட்டிருந்த 50 மைக்ரோகிராம் வரம்பை இறுதிவரை காத்தவை இரண்டே.

ஆராய்ச்சியாளரை இத்தகைய நடைமுறைச் சுமைகளால் கட்டக்கூடாது, புதுப்பொருள் காண்பது அவர் கடன், பயன்படுத்துவது பிறர் கடன் என்பார் உளர். வினை ஊக்கியைப் பற்றியவரை இவ்வாதம் பொருந்தும். குடிநீர்க்கென்று பெயர் சொல்லிப் பொதுப்பணம் பெறும் ஆய்வுக்கு இது பொருந்தாது. அத்தகைய ஆய்வின் முதல் அட்டவணையிலேயே, எக்கிணற்று நீர், அதில் இரும்பு எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு, எத்தனை நாள் ஓடியது என்னும் நான்கு செய்திகள் இருத்தல் வேண்டும். கிராமிற்கு இத்தனை மில்லிகிராம் என்னும் ஒற்றை எண்ணை மட்டும் தருவது, களப்பணியாளர் கேட்கும் கேள்விக்கு விடையாகாது.

விலையும் மறைக்கத்தக்கதன்று. சிலிக்கா மலிவானது, நெல் உமியின் சாம்பலில் பெரும்பகுதி அதுவே. வங்காளத்திற்கோ தஞ்சைக்கோ உமிப் பஞ்சமில்லை. ஆனால் நான்காவது கையில் கரிமத்தைத் தாங்கிய அத்திரவங்கள் உமியிலிருந்து கிடைப்பனவல்ல. துளைகளை ஒழுங்குபட அமைக்கும் பொருள்களும் விலை மிக்கவை. ஆகவே ஒரு கிராமத்தின் நீர் முழுவதையும் இதனால் வடிப்பதினும், சிறு துணுக்கில் நிறமாற்றம் காட்டி நஞ்சை அறிவிக்கும் சோதனைப் பொருளாக இதனைப் பயன்படுத்துவதே இன்றைய நிலையில் தக்கது. அதற்கு ஒரு சிட்டிகை போதும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. இரும்பு மிக்க கிணற்று நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்து, தெளிந்த நீர் மறுநாள் செந்நிறமாவதை மாணவர் காணும்படி செய்யலாம். வாலைவடி நீரில் பெற்ற எண் கிணற்றடியில் ஏன் மாறுகிறது என்பதற்கு அதனினும் எளிய பரிசோதனை இல்லை.

இறுதியாக, அட்டவணைகளில் இடம் பெறாத வினா ஒன்றுள்ளது. பாதரசத்தைப் பற்றிய சிலிக்காவை அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவி மீட்கலாம். கழுவிய அமிலத்தில் பாதரசம் இருக்கும். ஆர்சனிக்கைப் பற்றி நிறைந்துபோன பொருளிலோ, ஒரு கிணறு பல மாதங்களாகத் தந்த நஞ்சு கைப்பிடி அளவில் திரண்டிருக்கும். பம்படியில் அதனை மாற்றும் பணியாளர், பழையதை எங்கே கொட்டுவது என்று கேட்பார். வயல் வரப்பும் குளக்கரையுமே அவருக்கு அருகில் உள்ளன.